பழுது பிளகினில், பில் என் தலையில்

தீபாவளிக்குப் பதினாறு நாள் இருந்தபோது எங்கள் ஜமக்காளக் கடையின் வெப்சைட்டில் ஆர்டர் வருவது நின்றுபோனது. பொருளைக் கூடையில் போட முடிந்தது. ஆனால் பின்கோடு அடித்தாலும் தபால் செலவு மாறவில்லை, பணம் கட்டும் பொத்தானை அழுத்தினால் அதே பக்கம் திரும்ப வந்து நின்றது. மலேசியாவிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரியும். அதற்குள் மூன்று நாள் வியாபாரம் போயிருந்தது.

வருடத்துக்கு 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சைட்டைப் பராமரிப்பவரைக் கூப்பிட்டேன். (பெயர் வேண்டாம். அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.) ஐந்தே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "தீம் கரப்ட் ஆயிடுச்சுங்க அக்கா. புது பிரீமியம் தீம் போட்டுத் திரும்பக் கட்டணும்." தீம் என்பது சைட்டின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்பு. அதற்கு 6,500, வேலைக்கு முன்பணம் 15,000. பண்டிகை நேரம், பதற்றம். அன்று இரவே அனுப்பிவிட்டேன்.

எந்தப் பிளகினையாவது (சைட்டில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்) நிறுத்திப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எட்டு நாளில் புது முகத்தோடு சைட் வந்தது. பணம் கட்டும் பொத்தான் அப்போதும் வேலை செய்யவில்லை! கேட்டதற்கு, "இது பிளகின் பிரச்சினையா இருக்கும்" என்று சொல்லி, நான்கைந்து பிளகின்களை அழித்தார். முடக்கவில்லை, அழித்தார். இரண்டும் ஒன்று இல்லை. முடக்கினால் அமைப்புகள் அப்படியே இருக்கும். அழிக்கும்போது சில பிளகின்கள் தங்கள் தகவலையும் சேர்த்துத் துடைத்துவிடும். எடைவாரியாக, மாநிலவாரியாக நான் ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட தபால் கட்டண அட்டவணை அப்படித்தான் போனது. பேக்கப் (பாதுகாப்பு நகல்) எங்கே என்றால், "ஹோஸ்டிங்ல இருக்கும்ங்க" என்றார். ஹோஸ்டிங் என்றால் சைட் குடியிருக்கும் வாடகை சர்வர். அங்கே இல்லை.

கடைசியில் நாத்தனார் மகன் வந்தான். கல்லூரியில் படிக்கிறான், இது அவன் தொழிலும் இல்லை. முதல் கேள்வியே இதுதான்: "இது நிக்கிறதுக்கு முன்னாடி புதுசா என்ன போட்டீங்க அத்தை?"

போட்டிருந்தோம். "தீபாவளித் தள்ளுபடி முடிய இன்னும் இத்தனை நாள்" என்று மேலே ஓடுகிற ஒரு பட்டை. கேட்டது நான், பிளகினைத் தேடிப் போட்டது பராமரிப்பாளர்.

அவன் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து எஃப் 12 அழுத்தி, கன்சோல் என்ற இடத்தைக் காட்டினான். சிவப்பில் ஒரு வரி: பிளாக் இஸ் நாட் எ ஃபங்ஷன் (பிளாக் என்று ஒரு செயல் இங்கே இல்லை). சாதாரண மொழியில் விஷயம் இவ்வளவுதான். எங்கள் சைட் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். அது தன்னோடு ஜேகுவரி என்ற நிரல் நூலகத்தைக் கொண்டுவருகிறது. வூகாமர்ஸ் என்ற கடைப் பிளகினின் பழைய வகைப் பணம் கட்டும் பக்கம் அதை நம்பித்தான் ஓடுகிறது. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலேயே வேர்ட்பிரஸ் ஜேகுவரி 3.5.1-க்கு மாறிவிட்டது. இந்தப் பட்டையோ எந்தக் காலத்திலோ எழுதப்பட்டது. தனக்கென்று ஒரு பழைய ஜேகுவரியை வெளியிலிருந்து இழுத்துவந்து, இருந்ததன் மேலேயே உட்காரவைத்துவிட்டது. முதல் ஜேகுவரியோடு ஒட்டியிருந்த துணைக் கருவிகள் இரண்டாவதில் இல்லை. பொத்தான் ஊமையாகிவிட்டது. தீம் எந்தப் பாவமும் செய்யவில்லை.

கன்சோல் எல்லாம் புரியாது என்பவர்களுக்கு அவன் இன்னொரு வழியும் காட்டினான். ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் என்று ஓர் இலவசப் பிளகின். அதில் பழுதுபார்க்கும் முறையைத் தொடங்கினால், எல்லாப் பிளகினும் நின்று, வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் வரும். ஆனால் உங்கள் கண்ணுக்கு மட்டும். வாடிக்கையாளர் பார்ப்பது பழைய சைட்டைத்தான். பிறகு வூகாமர்ஸை இயக்கி, உங்கள் தீமைத் திரும்பப் போட்டு, மற்றவற்றில் பாதியை இயக்கிப் பாருங்கள். கோளாறு வந்தால் ஆள் அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். இருபது பிளகின் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஆள் அகப்பட்டுவிடும். வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் ஒன்று சைட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீமைச் சோதிக்க முடியாது. உள்ளேயே நுழைய முடியாத நிலை என்றால், ஹோஸ்டிங்கில் பிளகின்ஸ் என்கிற ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே எல்லாம் நின்றுவிடும்.

மொத்தம் முக்கால் மணி நேரம். அதில் கால் மணி காபி.

அதோடு முடியவில்லை. 6,500 ரூபாய் தீமுக்கு உரிமச் சாவி எதுவும் வரவில்லை, அப்டேட்டும் இல்லை. பூட்டு உடைத்து இலவசமாகச் சுற்றவிடுகிற 'நல்டு' தீம் அது. பயனர் பட்டியலில் நாங்கள் யாரும் உருவாக்காத ஓர் அட்மின் உட்கார்ந்திருந்தார். கூகுளில் எங்கள் முகவரியைத் தேடினால், ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்கும் பக்கங்கள் வரிசையாக வந்தன. பவானி ஜமக்காளத்துக்கும் ஜப்பான் கைப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடம் கேட்பது? எல்லாவற்றையும் சுத்தம் செய்து பழைய தீமுக்கே திரும்ப இரண்டு வாரம் ஆனது. தீபாவளி முடிந்துவிட்டது.

அந்தச் சிவப்பு வரியைப் படம் எடுத்துப் பராமரிப்பாளருக்கு அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீல டிக் இரண்டும் விழுந்தன, பதில் இல்லை. கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஆனால் டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், இன்னும் அவர் கணக்கில்தான் இருக்கிறது. மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நான் வாரம் இருமுறை அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.