டர்ஹமா, ரோண்டாவா, கிரெஸ்வெல்லா? கரி வெட்டுறவங்களோட லைன் வீட்டுல எது தேவலாம்

பிரிட்டன்ல பழைய நிலக்கரி ஊர் போட்டோ எதை எடுத்துப் பாத்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். சுவரோட சுவர் ஒட்டி நீளமா ஒரு லைன் வீடு, கூரை மேல வரிசையா புகைபோக்கி, கடைசியில சுரங்கத்து ராட்டினம். ஆனா கொஞ்சம் உள்ள போய்ப் படிச்சா ஊருக்கு ஊர் கதையே வேற. நான் இதுல மூணு ரகத்தை மட்டும் எடுத்துக்குறேன்: வடகிழக்கு இங்கிலாந்தோட டர்ஹம், தெற்கு வேல்ஸோட ரோண்டா பள்ளத்தாக்கு, டெர்பிஷையர்ல கிரெஸ்வெல். அந்தக் காலத்துல கரி வெட்டுற வேலைக்குப் போயிருந்தா இந்த மூணுல எதுல குடியேறியிருப்பேங்கறதுதான் என் கேள்வி.

முதல்ல டர்ஹம். இங்க கம்பெனியே வீடு கட்டி குடும்பக்காரங்களுக்கு சும்மா குடுக்கும், வாடகை கிடையாது, அடுப்புக்குக் கரியும் ஃப்ரீ, ரெண்டும் கூலியில சேர்த்தி. கேக்க ஜோராத்தான் இருக்கு இல்ல? வீடு எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா பீமிஷ் மியூசியத்துக்குப் போகணும், ஹெட்டன் கோல் கம்பெனி 1860-கள்ல கட்டுன ஒரு வரிசையை ஹெட்டன்-லி-ஹோல்ல இருந்து கல்லு கல்லா பிரிச்சுக் கொண்டுவந்து அங்க மறுபடி கட்டி வச்சிருக்காங்க. பின்பக்கம் சமையலறை, அங்கதான் பொழுதன்னிக்கும் அடுப்பு எரியும், முன்பக்கம் ஒரு ரூம், அதுல பகல்ல அலமாரி மாதிரி நின்னுட்டு ராத்திரி இறக்கினா கட்டிலாகுற ஒரு சாமான், மேல கூரைக்கடியில பசங்க படுக்க ஒரு பரண், ஏணி வச்சு ஏறணும். அவ்வளவுதான் வீடு.

டர்ஹம்ல வீட்டோட முன்வாசலை யாரும் அவ்வளவா கண்டுக்க மாட்டாங்க, பொழப்பு பூரா பின்சந்துலதான். கழிப்பறை அங்க (அதுக்கு அந்த ஊர்ப் பேச்சுல நெட்டின்னு பேரு), கரி வைக்கிற கொட்டகை அங்க, துணி காயறதும் அங்க. ஃப்ரீ கரியை வண்டியில கொண்டுவந்து சந்துல அப்படியே கொட்டிட்டுப் போயிடுவாங்க, நாமதான் மண்வெட்டியால அள்ளி உள்ள தள்ளணும். தெருவுக்குப் பேர் வைக்கக்கூட கம்பெனிகளுக்கு சோம்பேறித்தனம் போல. பக்கத்து நார்தம்பர்லாந்துல ஆஷிங்டன்ல முதல் வரிசை, ரெண்டாம் வரிசைன்னு நம்பர் போட்டுட்டே போனாங்க, டர்ஹம்லயே ஈசிங்டன்ல எழுத்து வாரியா, ஒரு பகுதி பூரா ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற தெருப் பேருங்க.

இதுல மாட்டிக்கிற இடம் எங்கன்னா, வேலை போனா வீடும் போச்சு. 1832-லயும் 1844-லயும் ஸ்டிரைக் பண்ணப்ப குடும்பம் குடும்பமா வெளிய தள்ளுனாங்க, கட்டில் பாத்திரம் எல்லாம் ரோட்டுல, புள்ளகுட்டியோட வெட்டவெளியில கூடாரம். காலி பண்ண வைக்க வர்ற கூலியாட்களுக்கு ஜனங்க வச்ச பேரு கேண்டிமேன், அதாவது மிட்டாய்க்காரன், தெருவுல மிட்டாய் விக்கிறவனைக் கூலிக்குப் பிடிச்சுட்டு வந்து அந்த வேலைய செய்ய வச்சதால வந்த பேருங்கறாங்க. ஸ்டிரைக்கை விடுங்க, வயசாகி வேலையை விட்டாலே வீட்டைத் திருப்பிக் குடுக்கணும். நாப்பது அம்பது வருஷம் பூமிக்கடியில உழைச்ச ஆளு கடைசிக் காலத்துல போக்கிடம் இல்லாம நிப்பாரு. இதைப் பாத்துப் பொறுக்காம ஜோசப் ஹாப்பர்னு ஒரு சுரங்கத் தொழிலாளி, மெதடிஸ்ட் பிரசங்கியார், மத்தவங்களோட சேர்ந்து 1898-ல வயசான தொழிலாளிகளுக்கு வீடு குடுக்குற சங்கம் ஒண்ணை ஆரம்பிச்சாரு.

இப்ப ரோண்டாவுக்கு வருவோம். 1851-ல இந்தப் பள்ளத்தாக்குல ஆயிரம் பேர்கூட இல்ல, ஆடு மேயுற இடம். 1911-ல ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. கம்பெனிகள் பணத்தை சுரங்கம் தோண்டுறதுல போட்டுட்டதால இவ்வளவு பேருக்கும் வீடு கட்டற வேலையில முக்கால்வாசி மத்தவங்க தலையில விழுந்துச்சு, அதுல தொழிலாளிகளே நடத்துன பில்டிங் கிளப்புகளுக்குப் பெரிய பங்கு. கிட்டத்தட்ட நம்ம சீட்டு மாதிரிதான்: ஆளுக்கு மாசாமாசம் இவ்வளவுன்னு கட்டுவாங்க, மீதிக்குக் கடன் வாங்கி ஒரு வரிசை வீடு எழுப்புவாங்க, யாருக்கு எந்த வீடுன்னு குலுக்கிப் போட்டு எடுப்பாங்க, கடன் அடைஞ்சதும் கிளப்பைக் கலைச்சிடுவாங்க. அதனால இங்க சொந்த வீட்டுக்காரங்க ஜாஸ்தி, முதலாளிகிட்ட முறைச்சுக்கிட்டாலும் தலைக்கு மேல கூரை இருக்கும்.

கட்டட அழகுலயும் என் ஓட்டு இதுக்குத்தான். மலைச்சரிவைக் கீறி, சரிவோட வளைவுக்குத் தகுந்தாப்ல வரிசைகள் பாம்பு மாதிரி போகும். சுவருக்கு அங்கயே கிடைக்கிற பென்னன்ட் மணற்கல், அது கெட்டிக் கல்லு, நேர்த்தியா செதுக்குறது கஷ்டம், அதனால கதவு ஜன்னல் ஓரத்துக்கு மட்டும் செங்கல், பெரும்பாலும் மஞ்சள் செங்கல், வச்சு முடிச்சிருப்பாங்க. கூரைக்கு வடக்கு வேல்ஸ் ஸ்லேட். தெற்கு வேல்ஸ்ல சரிவு ரொம்ப செங்குத்தா இருக்குற சில இடத்துல ஒரு வீட்டு மேல இன்னொரு வீடு, மேல் வீட்டுக்கு மேல் தெருவுல வாசல், கீழ் வீட்டுக்குக் கீழ் தெருவுல வாசல். யோசிச்ச ஆளு கெட்டிக்காரன்!

ஆனா இங்கயும் ஒரு பொறி இருக்கு, வீடு உங்களுது, அடியில இருக்குற நிலம் பிரபுவோடது. 99 வருஷக் குத்தகை, முடிஞ்சா நிலத்தோட வீடும் அவருக்கே. 1860, 70-கள்ல போட்ட குத்தகையெல்லாம் 1960-கள்ல முடிய ஆரம்பிச்சப்ப தாத்தா கட்டுன வீட்டைப் பேரன் மறுபடி காசு குடுத்து வாங்கற நிலைமை. அந்த ரகளையோட விளைவுதான் 1967 குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், நிலத்தை விலைக்கு வாங்கவோ இன்னும் 50 வருஷம் நீட்டிக்கவோ குடியிருக்குறவனுக்கு உரிமை வந்துச்சு.

குளியல் விஷயத்துல ரெண்டும் ஒரே லட்சணம். அடுப்பு முன்னாடி ஒரு தகர டப், அப்பா ஒரு ஷிப்ட், மூத்தவன் ஒரு ஷிப்ட், இன்னொருத்தன் வேற ஷிப்ட், ஒவ்வொரு தடவையும் தண்ணி தூக்கிக் காய்ச்சுறது அம்மா. ரோண்டாவுல இருந்து எலிசபெத் ஆண்ட்ரூஸ் 1919-ல நிலக்கரித் தொழிலை விசாரிக்க அரசாங்கம் போட்ட சாங்கி கமிஷன் முன்னாடி போய் சுரங்கத்துலயே குளியலறை வேணும்னு பேசுனது இதனாலதான். அங்கங்க ஒண்ணு ரெண்டு முன்னாடியே இருந்தாலும் அது பரவலா வந்தது அதுக்கப்புறம்தான், சில சுரங்கத்துல 1950-கள் வரைக்கும் இழுத்துச்சு.

கிரெஸ்வெல் கொஞ்சம் ஷோ பீஸ். போல்ஸோவர்ங்கற நிலக்கரிக் கம்பெனிக்காக 1890-கள் நடுவுல பெர்சி ஹௌஃப்டன் போட்ட பிளான், நடுவுல பெரிய புல்வெளி, சுத்தி எண்கோணமா ரெண்டு வளையம் வீடு. (இதே ஹௌஃப்டன்தான் 1905 லெட்ச்வொர்த் மலிவு வீட்டுக் கண்காட்சியில 150 பவுண்டு வீட்டுக்கு முதல் பரிசு வாங்குனவரு.) அதே கம்பெனி முன்னாடி கட்டுன நியூ போல்ஸோவர்ல வீட்டுக்குப் பின்னாடி குட்டி ரயில் பாதை போட்டு கரியைக் கொண்டுவந்து சாம்பலை எடுத்துட்டுப் போனாங்க, டர்ஹம் சந்துல கரி அள்ளுனவங்க பாத்திருந்தா வயிறெரிஞ்சிருப்பாங்க. ஆனா வசதியோட புத்திமதியும் இலவசம், கம்பெனித் தலைவர் எமர்சன் பெயின்பிரிட்ஜ் குடி, சூதாட்டம், கெட்ட வார்த்தை மூணும் இல்லாத ஊரா ஆக்கணும்னு நினைச்சவரு. நாள் பூரா கரிக்குள்ள குனிஞ்சு வெட்டிட்டு வர்றவன் ஒரு கெட்ட வார்த்தைகூட பேசக் கூடாதாம். வீடு இங்கயும் கம்பெனியோடதுதான்.

சுரங்கம் போனப்புறம் என்னாச்சுன்னு பாத்தா வித்தியாசம் நல்லாவே தெரியும். டர்ஹம் கவுண்டி 1951 திட்டத்துல நூத்துக்கும் மேல கிராமங்களை ‘டி’ வகைன்னு முத்திரை குத்தி, இனி இங்க ஒரு பைசா போட மாட்டோம், காலியாக விட்டுருவோம்னு சொல்லிட்டாங்க, 1977 வரைக்கும் அந்தக் கொள்கை ஓடுச்சு, பல வரிசைகள் தரைமட்டம். ரோண்டாவுல பெரும்பாலான வரிசைகள் அப்படியே நிக்குது, உள்ள சொந்தக்காரங்க குடியிருக்காங்க, கல்லு மேல பெயின்ட் அடிச்சுக் கெடுத்தவங்களும் இருக்காங்க. கிரெஸ்வெல் சுரங்கம் 1991-ல மூடியாச்சு, எண்கோணம் மட்டும் புதுப்பிச்சு பளபளன்னு இருக்கு.

எனக்கு ரோண்டாதான், 99 வருஷக் குத்தகையோடயே. நேர்ல பாக்கணும்னா கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்துக்குப் போங்க, டிக்கெட் கிடையாது. அங்க இருக்குற ரிட்டிகார் வரிசை சுமார் 1795-ல இரும்புக்கல் தோண்டுறவங்களுக்குக் கட்டுனது, கரிக்கு இல்ல. ஆனா ஆறு வீட்டையும் 1805, 1855, 1895, 1925, 1955, 1985-ன்னு ஒவ்வொரு வருஷத்துக்கு ஏத்த மாதிரி ஜோடிச்சிருக்காங்க, தோட்டம் உள்பட. முதல் வீட்டுல இருந்து வரிசையாவே போங்க, கடைசி வீட்டுக்கு நேரா போயிடாதீங்க.