குழந்தைக்கு வீசிங்கா? அல்சூர் பக்கம் இந்த கிளினிக்கில் சிஸ்டரைப் பாருங்கள்

என் பையனுக்கு நாலு வயது. நவம்பர் பிறந்தால் போதும், ராத்திரி முழுக்க இருமல், விடியற்காலையில் இரைப்பு, ஆட்டோ பிடித்து ஓட்டம். முன்பு போன மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் நெபுலைசர் வைத்து, சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். இன்ஹேலரைக் கையில் கொடுத்தார்களே தவிர, எப்படிப் போடுவது என்று ஒருவரும் செய்து காட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் போன டிசம்பரில் பெங்களூரு அல்சூர் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டர் நிதானமாகப் பார்க்கிறார், குறை இல்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே அங்கிருக்கும் சிஸ்டருக்காக. வேலூர்ப் பக்கத்துக்காரர், குழந்தைகள் வார்டிலும் ஐசியூவிலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதே பிள்ளைகள் அதே மூச்சுத்திணறலோடு திரும்பத் திரும்ப வந்து படுப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான், வீட்டில் மருந்து சரியாக உள்ளே போகிறதா என்று பார்க்கிற இந்த வேலைக்கு வந்தாராம்.

"வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். போட்டேன். குலுக்கவில்லை, மாஸ்க் ஒரு பக்கம் கன்னத்தை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது, இரண்டு பஃப்பையும் அடுத்தடுத்து அழுத்திவிட்டேன். அவர் திட்டவில்லை. ஸ்பேசரை, அதாவது இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் வரும் அந்தக் குழாயை, பையன் கையிலேயே கொடுத்து, அவன் மூச்சு விட விட உள்ளே அந்தச் சின்ன வால்வு மூடித் திறப்பதைக் காட்டி, "எண்ணு கண்ணு, ஒண்ணு, ரெண்டு" என்று ஆறு வரை எண்ண வைத்தார். மாஸ்க்கைப் பார்த்தாலே வீட்டையே இரண்டாக்குகிறவன் அன்றைக்கு அழவே இல்லை.

இன்ஹேலர் பழகிவிடும், சிரப்பே போதும் என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கும் சிஸ்டர்தான் பதில் சொன்னார். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்து, சிரப்பாக ஒரு ஸ்பூனில், அதாவது 5 மில்லியில், 2 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான், இருபதில் ஒரு பங்கு, அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது. அத்தோடு சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் வேண்டாம் என்றார். நான் சொல்லிக் கேட்காத மாமியார் சிஸ்டர் சொன்னதும் நிறுத்திவிட்டார்!

சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணவும் சொல்லித் தந்தார். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ஐத் தொட்டால் வேகமான மூச்சு, விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் யோசிக்காமல் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் ஸ்பேசரைத் துணியால் துடைக்கக்கூடாது, சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழந்தைகள் நுரையீரல் டாக்டர் எச். பரமேஷ் இந்த ஊரில் எடுத்த கணக்கில், மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் ஆஸ்துமா உள்ளவர்கள் 1979இல் 9 சதவீதம், 1999இல் 29.5 சதவீதம். இத்தனை பிள்ளைகள் இருக்கிற ஊரில் இப்படி ஒரு சிஸ்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்க வேண்டாமா? அமெரிக்காவில் 1965லேயே கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் (தாமே பரிசோதித்து சிகிச்சை தரும் அளவுக்குக் கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்) பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே இந்த சிஸ்டர் மருந்துச் சீட்டு எழுத முடியாது, டாக்டர்தான் எழுத வேண்டும், அதனால் இரண்டு இடத்திலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

குறை என்றால் அந்தக் காத்திருப்புதான். போனில் டோக்கன் கிடையாது, மாடிப்படி ஏற வேண்டும், சிஸ்டர் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். தனிக் கட்டணம் வாங்குவதில்லை. இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஒரு ராத்திரிகூட ஆட்டோ பிடிக்கவில்லை. போகிறவர்கள் வீட்டில் இருக்கிற இன்ஹேலர், ஸ்பேசர், பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் போய்விடுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.