பம்ப்புக்கு கன்மெட்டல் புஷ் கடைஞ்சு கொடுத்த லேத் பட்டறை, என் அனுபவம்

பம்ப் ஷாஃப்ட் ஆட ஆரம்பிச்சதும், அதைத் தாங்குற புஷ்ஷை (கன்மெட்டல்ங்குற வெண்கல வகையில செஞ்ச குழாய் மாதிரி வளையம்) புதுசா கடைய முதல்ல வேற ஒரு பட்டறையில தான் கொடுத்தேன். ஷாஃப்ட் 40 எம்எம், புஷ் உக்காருற ஹவுஸிங்கோட ஓட்டை 50. புஷ்ஷோட உள் அளவை 40.04ன்னு முடிச்சே கைல கொடுத்துட்டாங்க, வெளிய வச்சு ஷாஃப்ட்டை விட்டா வழுக்கிட்டு போச்சு, ஆனா ஹவுஸிங்ல அழுத்தி ஏத்தினதுக்கு அப்புறம் ஷாஃப்ட் நுழையவே இல்ல. வெளி அளவு 50 மைக்ரான் (0.05 எம்எம்) பெருசா இருக்குறதை அழுத்தி ஏத்துறோம், அந்த இறுக்கம் உள்பக்கம் வந்து ஓட்டையை சுருக்கத்தானே செய்யும். கேட்டதுக்கு எமரி பேப்பர் போட்டு தேய்ச்சுக்கங்கன்னாங்க. தயவுசெஞ்சு யாரும் அதை பண்ணாதீங்க, எமரி தூள் கன்மெட்டல்ல பதிஞ்சுடும், அப்புறம் அதுவே ஷாஃப்ட்டை அரிக்கும்.

ரெண்டாவதா போன இந்த பட்டறை தான் உண்மையான வேலை தெரிஞ்ச இடம். லேத் ஓட்டுற அண்ணன் கன்மெட்டல் ராடை ஒரு தடவை சக்குல (லேத்ல பொருளை இறுக்கிப் பிடிக்கிற பாகம்) பிடிச்சாரு, வெளி, உள் ரெண்டையும் அந்த ஒரே பிடியிலயே கடைஞ்சு அறுத்து எடுத்துட்டாரு. உள்ள மட்டும் ஹவுஸிங்ல ஏத்தினதுக்கு அப்புறம் கடைய அரை எம்எம் மிச்சம் வச்சாரு. ஒரே பிடியில கடைஞ்சது ஏன்னா, மெல்லிசான புஷ்ஷை திருப்பி த்ரீ ஜா சக்குல (மூணு தாடை உள்ளது) இறுக்குனா மூணு பக்கமும் அமுங்கும், கடைஞ்சு கழட்டினதும் முக்கோண சாயல்ல நிக்கும், ஓட்டையை அளக்குற சாதா போர் கேஜ் ரெண்டு முனைல தொட்டு அளக்குறதால அது கண்ணுல படவே படாது.

வெளி அளவு எடுக்க நான் மைக்ரோமீட்டரை நீட்டினேன், "சூடா இருக்குப்பா, ஆறட்டும்"னு தடுத்துட்டாரு. நியாயம் தான், 20 டிகிரி சூடு ஏறினாலே 50 எம்எம்ல 18 மைக்ரான் கூட காட்டும், நாம வைக்கிற இறுக்கமே 50 மைக்ரான் தான்.

அப்புறம் புஷ்ஷை அழுத்தி ஏத்தி, ஹவுஸிங்கையே ஃபோர் ஜா சக்குல (நாலு தாடையையும் தனித்தனியா நகர்த்தலாம்) பிடிச்சு டயல் கேஜ் வச்சு சென்டர் பண்ணி, ஓட்டையை கடையுற கடைசி போரிங்கை அதுல தான் போட்டாரு. வெட்டுற ஆழத்தை ஏத்தாம அதே அளவுல இன்னொரு ஓட்டு விட்டாரு பாருங்க, போரிங் பார் (கடையுற உளியைத் தாங்குற தண்டு) முதல் ஓட்டுல வளைஞ்சு விட்டு வச்சதை நூல் மாதிரி சீவிட்டு வந்துச்சு. ஆயில் பள்ளத்தோட ஓரத்தை கூட கூர்மையா விடாம மழுக்கிட்டாரு, இல்லன்னா அது ஆயிலை வழிச்சு தள்ளிடும்.

ரெண்டு நாள்னு சொல்லி அஞ்சு நாள் ஆக்கினாரு, அது ஒண்ணு தான் குறை. மூணு மாசமா தினமும் பம்ப் ஓடுது, போன வாரம் கழட்டி பாத்தேன், ஷாஃப்ட்ல ஒரு கீறல் இல்ல. நீங்க போனீங்கன்னா அளவை மட்டும் எழுதிட்டு போகாதீங்க, ஹவுஸிங், ஷாஃப்ட் ரெண்டையும் கையோட எடுத்துட்டு போங்க.