டிவி ஸ்டிக்கில் எந்த பிரவுசர்: டிவி ப்ரோவா, ஃபயர்பாக்ஸா, சில்க்கா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்களுக்கு டிவி ப்ரோ. ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே கிடைக்கிற அமேசானின் சில்க். ஃபயர்பாக்ஸ் ஏபிகேயை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பை, இறக்கிப் போடுவதெல்லாம் டிவி இருக்கிற வீட்டிலேயே இருந்து அதைக் கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு மட்டும். ஊரில் அப்பா அம்மா வீட்டு டிவிக்காக இவற்றையெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் டிவி ப்ரோவை விட்டுவிட்டு வந்தவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது.

டிவியில் பிரவுசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. யூடியூபுக்கும் ஓடிடிக்கும் தனித்தனி ஆப் இருக்கிறது, வாஸ்தவம். அப்பாவுக்கு வேண்டியது அவை இல்லை. காலையில் நாளிதழ்களின் இணையதளம், விசேஷ நாட்களில் கோயில் நேரலை, மற்ற நேரத்தில் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தளத்தில் திருவாசகம். போனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது என்பார். போனில் திறந்து டிவிக்கு காஸ்ட் பண்ணலாமே என்றேன். "நடுவுல போன் வந்தா அதை எடுக்கறதா, மாணிக்கவாசகரைப் படிக்கறதா?" என்று கேட்டுவிட்டார். சரி, டிவியிலேயே பிரவுசர்.

அங்கே இருப்பது குரோம்காஸ்ட் வித் கூகுள் டிவி, ஹெச்டி மாடல். 1.5 ஜிபி ரேம், பெயருக்கு 8 ஜிபி ஸ்டோரேஜ். நம் கைக்கு வருவது அதில் பாதிதான். டிவிக்கான பிளே ஸ்டோரில் குரோமும் கிடையாது, ஃபயர்பாக்ஸும் கிடையாது. ஆகவே வெளியில் இருந்து இறக்கித்தான் ஆக வேண்டும்.

இப்படி ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பைப் போடும் சைட்லோட் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய், ஆண்ட்ராய்டு டிவி ஓஎஸ் பில்ட் என்ற வரியின் மேல் ஏழு தடவை ஓகே அழுத்தினால் டெவலப்பர் ஆகிவிடலாம். டவுன்லோடர் ஆப்பைப் போட்டு, அன்னோன் சோர்சஸ் பக்கத்தில் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்து, முகவரியை அடித்தால் ஏபிகே இறங்கும். ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும். சிப் 64 பிட்டாக இருந்தாலும் ஓஎஸ் 32 பிட்டாக ஓடும் ஸ்டிக்குகள் ஏராளம். குரோம்காஸ்டும் அப்படித்தான், பழைய ஃபயர் ஸ்டிக்குகளும் அப்படித்தான். கோப்பின் பெயரில் வி7ஏ என்று இருக்கும் 32 பிட் பதிப்பை எடுக்க வேண்டும். வி8ஏ என்று இருப்பதை எடுத்தால் முழுதாக இறங்கி முடித்த பிறகு ‘ஆப் நாட் இன்ஸ்டால்டு’ என்று கையை விரித்துவிடும்.

ரிமோட் விஷயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது போட்ட ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிடும். டிவி ப்ரோ டிவிக்கென்றே எழுதப்பட்ட திறமூல பிரவுசர். ரிமோட்டின் வட்டத்தை அழுத்தினால் திரையில் ஒரு கர்சர் நகரும். அழுத்திப் பிடித்தால் வேகம் எடுக்கும். திரையின் விளிம்பைத் தொட்டதும் பக்கம் தானாக உருளும். பேசித் தேட மைக், புக்மார்க், டேப், டெஸ்க்டாப் தளமாகக் காட்டும் வசதி, விளம்பரத் தடுப்பு எல்லாம் உண்டு. ஃபயர்பாக்ஸ் கைபேசிக்காகச் செய்தது. விரலால் தொடுவார்கள் என்று எதிர்பார்த்து வடிவமைத்ததை ரிமோட்டை வைத்து ஓட்டினால் எப்படி இருக்கும்? ஒரு லிங்க்கில் இருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித்தான் போக வேண்டும். சில பொத்தான்கள் எட்டவே எட்டாது. எம்ஏடிவிடி மாதிரி ரிமோட்டையே மவுஸாக்கும் ஆப் போடலாம், அல்லது புளூடூத் மவுஸ் இணைக்கலாம். யுஎஸ்பி மவுஸ் என்றால் ஓடிஜி ஹப்பும் வேண்டும், ஏனென்றால் ஸ்டிக்கில் இருக்கிற ஒரே துளையில் மின்சார வயர் செருகியிருக்கும்.

இன்னொரு சின்ன எரிச்சல். டிவிக்கென்று செய்யாத ஆப்புக்குக் கூகுள் டிவியின் முகப்பில் ஐகான் வராது. செட்டிங்ஸ், ஆப்ஸ், எல்லா ஆப்பையும் காட்டு, ஃபயர்பாக்ஸ், ஓபன் என்று ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அதற்கென்று ஒரு லாஞ்சர் ஆப். ஃபயர் டிவியில் இந்தத் தொல்லை இல்லை.

இருந்தாலும் ஃபயர்பாக்ஸ் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைப் போட முடிகிற ஆண்ட்ராய்டு பிரவுசர்கள் சொற்பம். அதில் இது முதன்மையானது. தமிழ்ச் செய்தித் தளங்களைப் பார்ப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். பக்கம் திறந்ததும் ஒரு விளம்பரம் மேலே வந்து உட்காரும். அதை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு இருக்கும். கர்சரை அதன் மேல் கொண்டு நிறுத்துவதற்குள் பக்கம் ஒரு இஞ்ச் கீழே நழுவும், ஓகே அழுத்தினால் வேறு எங்கேயோ போய் நிற்போம். டிவி ப்ரோவின் தடுப்பு இதில் முக்கால்வாசியைப் பிடிக்கிறது, மீதி கால்வாசி தப்பித்துவிடுகிறது. யூபிளாக் இருந்தால் பக்கம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

பிடிஎஃப்பிலும் ஃபயர்பாக்ஸே மேல். 2023 முதல் ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே பிடிஎஃப் திறக்கிறது. டிவி ப்ரோ வழக்கமாக ஓடுவது, ஆப்புகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்ட ஆண்ட்ராய்டில் இருக்கிற வெப்வியூ என்ற பகுதியின் மேல். அதற்கு பிடிஎஃப் காட்டத் தெரியாது, இறக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். மதுரைத் திட்டம் நூல்களை பிடிஎஃப்பாக மட்டும் போடாமல் இணையப் பக்கமாகவும் போட்டிருப்பதால் அப்பா தப்பித்தார். பழைய நூல்களின் ஸ்கேன்களை பிடிஎஃப்பில் படிப்பதுதான் முக்கிய வேலை என்றால் என் பரிந்துரையை மாற்றிக்கொள்ளுங்கள், மவுஸ் வாங்கி ஃபயர்பாக்ஸ் போடுங்கள்.

கூகுள் கணக்கில் நுழைவதும் டிவி ப்ரோவில் சரிப்படாது. ஆப்புக்குள் பதித்த வெப்வியூ வழியாக லாகின் செய்வதைக் கூகுளே தடுத்து வைத்திருக்கிறது. இந்த பிரவுசர் பாதுகாப்பானதாக இல்லாமல் இருக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். நல்லதுக்குத்தான். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது பெரிய திரையில் பாஸ்வேர்டு அடிக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம், பேங்க் பக்கம் அறவே கூடாது.

ஆக விளம்பரம், பிடிஎஃப், லாகின் மூன்றிலும் ஃபயர்பாக்ஸ் முன்னால் நிற்கிறது. பிறகு ஏன் டிவி ப்ரோ? பராமரிப்பு. நான் முடிவெடுத்தது அந்த ஒன்றை வைத்துத்தான்.

பிரவுசர் என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோகிற ஆப் இல்லை. முன்பின் தெரியாத தளங்களில் இருந்து வருகிற கோடையும் படத்தையும் நம் வீட்டுக்குள் திறந்து பார்ப்பதே அதன் வேலை. 2023 செப்டம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நிரலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே போதும், எதையும் கிளிக் பண்ண வேண்டியதில்லை. அந்த நிரல் குரோமிலும் இருந்தது, ஃபயர்பாக்ஸிலும் இருந்தது. இரண்டு தரப்பும் அடுத்தடுத்த நாட்களில் திருத்தம் வெளியிட்டார்கள். 2024 அக்டோபரில் ஃபயர்பாக்ஸில் இன்னொரு ஓட்டை. யாரோ அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது மொஸில்லா அவசரமாக அடைத்தது. திருத்தத்தை அவர்கள் வெளியிடுவது பாதி வேலைதான். அது ஊரில் இருக்கிற ஸ்டிக்குக்கு எப்படிப் போய்ச் சேரும்?

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. வெளியில் இருந்து இறக்கிப் போட்ட ஃபயர்பாக்ஸை டிவியின் பிளே ஸ்டோர் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அதன் பட்டியலில் டிவிக்கு ஃபயர்பாக்ஸ் என்று ஒன்றே இல்லை. மொஸில்லா நாலு வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது, நடுநடுவே அவசரத் திருத்தங்கள் வேறு. ஒவ்வொரு தடவையும் யாராவது டவுன்லோடரைத் திறந்து, சரியான வி7ஏ கோப்பைத் தேடி, பழையதன் மேல் போட வேண்டும். நான் சென்னையில் இருக்கிறேன். அப்பா போட மாட்டார். ‘அப்டேட் போட்டியாப்பா?’ என்று போனில் கேட்டால், "அது நல்லாத்தானே ஓடுது" என்பார். ஆறு மாதம் இப்படியே போனால் உள்ளே இருப்பது பூட்டு தொங்கியும் சாவி போடாத கதவு.

டிவி ப்ரோவில் இன்ஜின் ஆப்புக்குள் இல்லை. பக்கத்தைத் திறப்பதும் படத்தை வரைவதும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ. கூகுளின் சான்று பெற்ற ஸ்டிக்குகளில் இந்த வெப்வியூ பிளே ஸ்டோர் வழியாகத் தானே அப்டேட் ஆகிக்கொள்ளும். ராத்திரி சும்மா கிடக்கும்போது வேலை முடிந்துவிடும். டிவி ப்ரோ ஆப் ஒன்றிரண்டு பதிப்பு பின்தங்கினாலும் மெனு பழையதாக இருக்கும், அவ்வளவுதான். ஆபத்தான பகுதி புதிதாகவே இருக்கும். திறமூல நிரல்கள் கிடைக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்து எடுத்த பதிப்பு, புதியது வந்தால் திரையிலேயே கேட்கவும் செய்கிறது. ஓகே அழுத்துவது அப்பாவுக்குக் கைவந்த கலை.

ஒரு எச்சரிக்கை. டிவி ப்ரோவின் புதிய பதிப்புகளில், ஃபயர்பாக்ஸ் ஓடுகிற அதே கெக்கோ இன்ஜினையும் தேர்ந்தெடுக்கலாம். சில தளங்கள் அதில் இன்னும் நன்றாகத் திறக்கலாம். ஆனால் கெக்கோ ஆப்புக்குள்ளேயே பொதிந்து வருவது. அதைத் தேர்ந்தெடுத்த நிமிடமே மேலே சொன்ன சௌகரியம் போய்விடும். அப்பா வீட்டு டிவியில் வெப்வியூவிலேயே வைத்திருக்கிறேன்.

பெட்டிக்கடை விலையில் ஆன்லைனில் விற்கும் பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அவற்றில் வெப்வியூ வாங்கிய அன்று இருந்ததுதான். பேட்பாக்ஸ் 2.0 என்ற போட்நெட்டில், அதாவது திருட்டுத்தனமாக வசப்படுத்தப்பட்ட சாதனங்களின் வலையில், இப்படிப்பட்ட சான்று பெறாத சாதனங்கள் ஒரு கோடிக்கு மேல் சிக்கியிருந்ததாக 2025 ஜூலையில் கூகுள் வழக்கே போட்டது. அங்கே பிரவுசரை மாற்றிப் பயனில்லை, பாக்ஸையே மாற்ற வேண்டும்.

சில்க்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அதில் குழப்பம் இல்லை. 2017 டிசம்பரில், யூடியூப் விஷயத்தில் அமேசானும் கூகுளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், ஃபயர் டிவிக்கு சில்க்கும் ஃபயர்பாக்ஸும் ஒன்றாக வந்தன. பிரவுசர் வழியாக யூடியூப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய ஈர்ப்பு. 2019 ஜூலையில் சமாதானமாகி யூடியூப் ஆப் திரும்பி வந்தது. 2021 ஏப்ரல் 30-ஓடு மொஸில்லா ஃபயர் டிவி பதிப்பைக் கைவிட்டது. சில்க் மட்டும் நிலைத்தது. குரோமியம் அடிப்படை, ரிமோட்டில் நகரும் கர்சர், அமேசான் ஆப்ஸ்டோர் வழியாகத் தானே வரும் அப்டேட். எக்ஸ்டென்ஷன் போட முடியாது, சரி. ஆனால் அப்டேட்டுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற என் ஒரே நிபந்தனையில் டிவி ப்ரோவைவிடவும் சுலபம். சித்தி வீட்டு ஃபயர் ஸ்டிக்கில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்; நான் அங்கே போகும்போது பார்த்த அளவுதான் என் அனுபவம்.

மற்றவை. பஃபின் டிவி பக்கங்களைத் தன் சர்வரில் திறந்து நமக்கு அனுப்புவது. ரேம் குறைந்த ஸ்டிக்குக்கு யோசனை நல்லதுதான், ஆனால் நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் வேறொருவர் சர்வர் வழியாக வருகிறது என்பது எனக்கு ஒப்பவில்லை. 2021-இல் டிவிக்கென்று வந்த ஜியோபேஜஸ் தமிழிலும் மெனு காட்டியது. கொஞ்ச நேரம்தான் தொட்டுப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

புதிதாக ஸ்டிக் வாங்கப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 கடைசியில் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டில் ஓடவில்லை. அமேசானின் சொந்த வேகா ஓஎஸ். ஏபிகே எதையும் அதில் ஏற்ற முடியாது, இந்த ஒப்பீட்டில் பாதி அங்கே செல்லாது. கூகுள் பக்கமும் கெடுபிடி வருகிறது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு சாதனங்களில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் ஆப்பைத்தான் வழக்கமான முறையில் சைட்லோட் செய்ய முடியும் என்ற விதியை 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்குவதாகவும், 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிப்பதாகவும் அறிவித்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வழி விடப்போவதாகவும் பிறகு சொன்னார்கள். சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்களுக்குத்தான் இது முதலில் வரும். டிவி ப்ரோ போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.