ஏலமலைப் பாதைக்கு ரிம் லாக்கா, டியூப்லிஸா, மூஸா?

பைக் சக்கரத்தின் ரிம்மிலிருந்து நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்கிறது, டியூப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். போன ஆடியில் இடுக்கி மலையில் பூப்பாறைக்கு மேலே, நான் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்துச் சரிவில் அதைக் கவனிக்கத் தவறினேன். சேறு வழுக்குகிறதே என்று பின் டயரில் காற்றை 12 பிஎஸ்ஐக்கு இறக்கி, முதல் கியரில் முறுக்கி ஏற்றினேன். பாதி ஏற்றத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். வால்வு அடியோடு பிய்ந்துவிட்டது. அந்த இடத்தில் கிழிந்த டியூப்புக்கு ஒட்டுப் போடவும் முடியாது. மழையில், காலெல்லாம் அட்டை ஏற, ரோடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் டயர் ரிம்மில் நகராமல் பிடித்து வைக்கும் சாமான்களைப் பற்றி உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். என் வண்டியில் ரிம் லாக் மாட்டினேன். பக்கத்து ஊரான ராஜகுமாரியில் இருக்கும் என் மச்சான் வண்டிக்கு டியூப்லிஸ் மாட்டும்போது கூட இருந்தேன். அவருடைய நண்பர் ஒருவரின் பந்தய வண்டிக்கு மூஸ் ஏற்றும்போது டயரின் மறுபக்கத்தை அழுத்திப் பிடித்தவனும் நான்தான். மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

டயரின் உள் ஓரத்தில் எஃகுக் கம்பி ஓடும் தடித்த விளிம்பு இருக்கிறதே, அதுதான் பீட். அதை ரிம்மோடு அழுத்திப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்று. சாலையில் 25, 30 பிஎஸ்ஐ இருக்கும்போது அந்தப் பிடி தாராளம். அதே காற்றோடு கல்லும் வேரும் நிறைந்த தோட்டத்துப் பாதையில் ஏறினால் டயர் பந்து போலத் துள்ளும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துப் பிடிக்கும், ஆனால் பீட்டின் பிடி விட்டுப் போகும். அந்தக் காற்றை நம்பாமல் பீட்டைப் பூட்டுவதற்குத்தான் இந்த மூன்று சாமான்களும்.

நான் சொல்வதெல்லாம் ஸ்போக் சக்கரம், டியூப் டயர் உள்ள வண்டிகளுக்கு. எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி முன்னால் 21, பின்னால் 18 இன்ச் இருந்தால் மூன்றுமே கிடைக்கும். பழைய ஹிமாலயன் 411 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பின் சக்கரம் 17 இன்ச். டியூப்லிஸ் வருவது 18, 19, 21 அளவுகளில். எதை வாங்கினாலும் ரிம்மின் மேல் குத்தியிருக்கும் அகல எண்ணை முதலில் படியுங்கள். 1.60, 1.85, 2.15 என்று இருக்கும். ரிம் லாக் அந்த எண்ணுக்குத்தான் வரும். அகலம் மாறினால் பீட்டைப் பிடிக்காது.

மூன்றும் எப்படிப் பிடிக்கின்றன

ரிம் லாக் ரொம்ப எளிமையானது. ரப்பர் பூசிய ஒரு சின்ன அலுமினியக் கட்டை டயருக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் போல்ட் ரிம் வழியாக வெளியே வரும். நட்டை இறுக்கினால் கட்டை இரண்டு பீட்டையும் ரிம்மோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கும். டயர் சுற்றி நகராது, வால்வு பிழைக்கும். ஆனால் உள்ளே டியூப் அப்படியேதான் இருக்கிறது. கல்லில் மோதும்போது டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரட்டைத் துளை விழுவதை இது தடுக்காது. அதனால் இதோடு தடித்த டியூப் போட்டே ஆக வேண்டும். 4 மில்லிமீட்டர் கனத்தில்கூட கிடைக்கிறது. அது இருந்தால் 12, 13 பிஎஸ்ஐ வரை பயமில்லாமல் இறங்கலாம். அதற்குக் கீழே நான் போவதில்லை.

டியூப்லிஸ் (டியூப்லெஸ் டயர் அல்ல, இது ஒரு சாமானின் பெயர்) வேறு கணக்கு. சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியான ஒரு உறைக்குள் ஒரு பை. அதில் 100 முதல் 110 பிஎஸ்ஐ வரை காற்று அடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் அது விறைத்து, சக்கரம் முழுக்க இரண்டு பீட்டையும் ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கும் டயர் தனி அறை, அதற்குத் தனி வால்வு. அங்கே டியூப்பே கிடையாது, நசுங்குவதற்கும் ஒன்றும் இல்லை. ஐந்தாறு பிஎஸ்ஐ வைத்து மச்சான் பாறை மேல் பல்லி மாதிரி ஏறுவார். ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயருக்குப் போடும் திரியை வெளியிலிருந்தே சொருகிவிடலாம். டயர்க் காற்று முழுக்க இறங்கினாலும் பீட் பூட்டியே இருப்பதால் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

மூஸ் என்பது காற்றே இல்லாத நுரை ரப்பர் வளையம். மிஷலின் செய்வதை பிப் மூஸ் என்பார்கள். பஞ்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ காற்று வைத்த டயரின் மென்மை இருக்கும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஓட ஓடச் சுருங்கி இளகிப்போகும். இதற்கும் கூடவே ஒரு ரிம் லாக் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் மாட்டுவது

உண்மையான வித்தியாசம் தெரிவது இங்கேதான். பக்கச் சுவர் தடித்த ஆஃப்ரோடு டயர் சாதாரண பைக் டயர் மாதிரி வளையாது. பூப்பாறையில் காலை ஏழு மணிக்கு அது பலகை. அதே டயரை மலைக்குக் கீழே போடியில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வைத்தால் கையால் அமுக்கும் அளவுக்கு இளகிவிடும். மலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை, டயர் மாட்டும் வேலையைக் கீழே இறங்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி உழைப்பு மிச்சம்.

பழைய டயரின் பீட் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் ஊன்றி, வண்டியின் எடையை அதன் மேல் சாயுங்கள். பட்டென்று விடும். டயரை நெம்பும் லிவர் மூன்று வேண்டும், ஒரு அடிக்குக் குறையாத நீளத்தில். ரிம்மில் கீறல் விழாமல் இருக்க பிளாஸ்டிக் கேனை வெட்டி லிவருக்கு அடியில் வைக்கலாம். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். மலையில் சிலர் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயைத் தடவுகிறார்கள். அது காயாது. எந்தப் பீட் நகரக்கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறோமோ அது எண்ணெயிலேயே வழுக்கி நகரும்.

ரிம் லாக்குக்குத் துளை இல்லாத ரிம்மில் துளை போட வேண்டும். என் ரிம்மில் இல்லை. வால்வுக்கு நேர் எதிரே, இரண்டு ஸ்போக்குகளுக்கு நடுவில், ரிம்மின் மையத்தில் புள்ளி குத்திக்கொண்டு முதலில் சின்ன பிட், பிறகு எட்டு மில்லிமீட்டர் போல்ட் தாராளமாக நுழையும் பிட். இரண்டு பக்கமும் பிசிறை அரத்தால் ராவி எடுக்காவிட்டால் அதுவே டியூப்பைக் கிழிக்கும். கட்டையின் கூர்மையான ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மாட்டும்போது நட்டை நாலு மரை மட்டும் ஏற்றித் தொங்க விடுங்கள். முதல் பீட்டை ஏற்றிய பிறகு டியூப்பில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து, பவுடர் தூவி உள்ளே வையுங்கள். இரண்டாவது பீட்டை ரிம் லாக் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். வெளியே நீட்டியிருக்கும் போல்ட்டை உள்ளே தள்ளினால் கட்டை மேலே எழும்பும், அந்த இடைவெளியில் பீட் அதற்கு அடியில் போய் உட்கார வேண்டும். கட்டையின் மேல் பீட் ஏறி நின்றுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. பிறகு இரண்டு பக்கமாக ஏற்றிக்கொண்டே போய் வால்வு அருகே முடியுங்கள். கடைசி ஒரு சாண் எப்போதும் முரண்டு பிடிக்கும். அங்கே லிவரில் தொங்காதீர்கள். ஏற்கெனவே ஏறிய பகுதியை முழங்காலால் மிதித்து, பீட்டை ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்குங்கள். எதிர்ப்பக்கம் தானாகத் தளர்ந்து வரும். பலம் போட்டே ஆக வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு இடத்தில் பீட் பள்ளத்தில் இல்லை.

நட்டை இறுக்காமலேயே 30க்கு மேல் காற்று அடித்து பீட் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, ஓட்டும் அழுத்தத்துக்கு இறக்கி, கடைசியாக இறுக்குங்கள். சின்ன ஸ்பேனர் போதும். நீளக் குழாய் சொருகி முறுக்கினால் ரிம் குழி விழுந்துவிடும்.

டியூப்லிஸ் மாட்ட இதைவிடப் பொறுமை வேண்டும், பலம் அவ்வளவு வேண்டாம். ஸ்போக் தலைகள் மேல் ரிம் டேப் இறுக்கமாக ஒட்ட வேண்டும், ஒரு தலைகூட வெளியே தெரியக்கூடாது. இதன் ரிம் லாக்குக்கும் துளை வேண்டும். லிவரை ஆழமாக விட்டால் உள்பை கிழியும். பீட்டைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் நுனியை விட்டு, சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு சிறு சிறு கடியாக ஏற்றினோம். இரண்டு சக்கரத்துக்கும் ஒரு பகல் முழுக்கப் போனது. கால் பம்பு 110க்கு ஏறவில்லை. நல்ல சைக்கிள் பம்பு ஏறும்.

மூஸ் இரண்டு ஆள் வேலை. வளையத்துக்கு அதற்கான ஜெல்லைப் பூசி, டயருக்குள் திணித்து, அப்படியே மொத்தமாக ரிம்மில் ஏற்ற வேண்டும். டியூப் என்றால் காற்றை இறக்கிவிடலாம், இதை எதை இறக்குவது? பீட்டைப் பள்ளத்தில் தள்ளத் தள்ள நுரை திருப்பித் தள்ளும். முழங்கால், லிவர், நண்பரின் தம்பி எல்லாம் சேர்ந்துதான் ஒரு சக்கரம் முடிந்தது. டயர் மாற்றும் ஸ்டாண்டு இல்லாமல் இதை வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நடுவில் இருக்கும் ரோடு

"மாப்ள, நீயும் டியூப்லிஸே போட்டுக்க, காத்தப் பத்தி கவலையே இல்ல" என்று மச்சான் சொன்னார். அவருக்கு அது சரி. வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம், வண்டி தார் ரோட்டைத் தொடுவது அபூர்வம். எனக்கு வீடு போடியில். வாரத்தில் ஆறு நாள் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டு போய், சாயங்காலம் அதே வழியில் இறங்க வேண்டும். முன்னும் பின்னும் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள். அந்த இறக்கத்தில் உள்பை காற்றை இழந்தால் அந்த ஒரு ரிம் லாக்கைத் தவிர டயரைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. அதனால் டியூப்லிஸில் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் உள்பை அழுத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். போடியில் 35 டிகிரி வெயிலில் 110 அடித்தால், மேலே 15 டிகிரியில் குளிரால் மட்டும் ஏழெட்டு பிஎஸ்ஐ குறையும். கீழே 103 வைத்துக்கொண்டு ஏறினால் மேலே நூறுக்குக் கீழே. மூஸுக்கோ சூடுதான் எமன். தார் ரோட்டில் வேகமாக ஓடினால் உள்ளுக்குள்ளேயே வெந்து பொடிந்துவிடும். டியூப்லிஸ், மூஸ் இரண்டையும் செய்கிறவர்களே பொதுச் சாலைக்கு இல்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விலையும் ரிம் லாக்கைப் போலப் பல மடங்கு.

ரிம் லாக்குக்கும் ரோட்டில் ஒரு குறை உண்டு. ஒரு பக்கம் எடை கூடுவதால் வேகத்தில் சக்கரம் துள்ளும். எனக்கு அறுபதுக்கு மேல் ஹேண்டிலில் தெரிந்தது. எதிர்ப்பக்கம் ஸ்போக்கில் ஈயக் கம்பி சுற்றிச் சரி செய்தேன்.

ஜீப் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அங்கே போட்டி வேறு: வெளிப்பக்க பீட்டை வளையம் வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கும் ரிம் ஒன்று, உள்ளே ஐம்பது பிஎஸ்ஐ அளவில் ஊதி இரண்டு பீட்டையும் தள்ளிப் பிடிக்கும் பை இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் வெளி பீட்டை மட்டும்தான் பிடிக்கும், போல்ட்டுகளை அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். இரண்டாவதற்கு ரிம்மில் இன்னொரு வால்வுத் துளை போட வேண்டும். தோட்டத்துக்குப் போய்வரும் ஜீப்புக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் எண்ணம். காற்றை 18க்குக் கீழே இறக்காமல் நிதானமாக ஓட்டினால் பீட் எங்கேயும் போகாது.

ஆக, என் வண்டியில் ரிம் லாக்கும் தடித்த டியூப்பும். இன்னொரு காரணமும் உண்டு. வழியில் பஞ்சர் ஆனால் பூப்பாறைக் கடையில் இருக்கும் சேட்டனால் இதைக் கழற்றி மாட்ட முடியும். "நட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம் சேட்டா, தளர்த்தினால் போதும்" என்று ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான்.

மாட்டிய பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டரில் ரிம் லாக் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள், பீட் அமர அமரத் தளரும். வால்வின் சின்ன நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து வையுங்கள். டயர் நகர்ந்தாலும் வால்வு சாய்ந்து காட்டிக் கொடுக்கும், உடனே பிய்ந்து போகாது. நான் தோட்டத்து கேட்டில் காற்றைக் குறைக்கும்போது ஒரு முறையும், சாயங்காலம் பம்பு போட்டு ஏற்றும்போது ஒரு முறையும் குனிந்து பார்க்கிறேன். இந்த ஆடி முழுக்க நேராகத்தான் நிற்கிறது.