ஸ்பானிஷில் சந்திப்புக்கு நேரம் குறிக்க: செயலியா, ஆடியோ பாடமா, ஆசிரியரா?

திருப்பூரில் மெர்ச்சன்டைசிங் (ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) பார்ப்பவர்களுக்கு ஸ்பெயின் பையர், அதாவது நம்மிடம் துணி வாங்குபவர், புதிதில்லை. மெயில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். சாம்பிள் பார்த்து முடித்ததும் "ராத்திரி சாப்பிடப் போலாங்களா?" என்று கேட்கிறோமே, அதை அவர் மொழியிலேயே கேட்டால் பழக்கம் வேறு மாதிரி ஆகிறது. அதற்கு எப்படிப் படிப்பது?

வாக்கியங்களை மனப்பாடம் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். "கெதாமோஸ் அ லாஸ் ஓச்சோ?" (எட்டு மணிக்குச் சந்திப்போமா?) என்று கேட்டுவிடலாம். அவர் "இன்னிக்கு முடியாது, வெள்ளிக்கிழமை?" என்றால் அங்கேயே நின்றுவிடுவோம்.

டுவோலிங்கோ செயலி தினமும் படிக்கும் பழக்கத்தைக் கொண்டுவரும், கிழமை, மணி எல்லாம் மனதில் நிற்கும். ஆனால் பாதி நேரம் திரையில் சொற்களைத் தட்டி அடுக்குவதிலேயே போகிறது. வாய் பழகுவதில்லை.

என் ஓட்டு லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் ஆடியோ பாடங்களுக்குத்தான். மொத்தம் 90 பாடம், முழுக்க இலவசம், ஆங்கிலம் புரிந்தால் போதும். அதில் ஆசிரியர் கேட்பார், நாம் ஆடியோவை நிறுத்தி யோசித்துச் சொல்ல வேண்டும். 'புவேதோ' (என்னால் முடியும்) கைக்கு வந்துவிட்டால் "நோ புவேதோ ஓய், பெரோ புவேதோ மஞானா", அதாவது "இன்று முடியாது, நாளைக்கு முடியும்" என்று நாமே கட்டிவிடலாம். நேரம் குறிப்பதில் பாதி வேலை இப்படி மாற்றிச் சொல்வதுதானே! 'புவேதோ'வில் வரும் 'தோ'வை 'அதோ'வில் வருகிற மாதிரியே சொல்லுங்கள், அச்சாக அமையும்.

ஆடியோவால் முடியாத ஒன்று, எதிரில் இருப்பவருடைய வேகம். அதற்கு இணையத்தில் தனி ஆசிரியர் வேண்டும். காசு ஆகும், வாரம் ஒரு வகுப்பு போதும். பையர் எந்த நாடோ, ஆசிரியரும் அந்த நாட்டுக்காரராக இருக்கட்டும். டாக்ஸி பிடிப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. மரியாதையும் இடத்துக்கு இடம் மாறும். சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடும் நமக்கு 'உஸ்தெத்' (நீங்கள்) தானாக வந்துவிடும். ஸ்பெயின்காரர்களோ வேலையிடத்தில் சீக்கிரமே 'தூ'வுக்கு (நீ) வந்துவிடுவார்கள். அது நெருக்கம், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆடியோவில் பாதி தாண்டியபின் ஆசிரியரைப் பிடியுங்கள். வகுப்பு நேரத்தையே ஸ்பானிஷில் செய்தி அனுப்பிக் குறியுங்கள், அதுவே முதல் பயிற்சி. ஸ்பெயின் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். அதனால் குளிர்காலத்தில் நம்மூர் மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை கேட்காதீர்கள்.