குழந்தைகள் வார்டில் சத்துக்குறைபாட்டைக் கண்டுபிடிக்க: நாடாவா, கேள்வித்தாளா, எடை-உயரமா?

நிமோனியாவுக்கோ வயிற்றுப்போக்குக்கோ அட்மிட் ஆகும் குழந்தைக்குச் சத்துக்குறைபாடும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். அது கேஸ் ஷீட்டில் ஏறாமலே போவதும் அதே அளவுக்குச் சாதாரணம். எங்கள் வார்டில் இதற்கு ஒரு முறை வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது மூன்று வழிகளைப் பார்த்தோம்: எடை, உயரம் எடுத்து இசட் ஸ்கோர் (சராசரிக் குழந்தையிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) போடுவது, ஸ்ட்ராங்கிட்ஸ் கேள்வித்தாள், கைச்சுற்றளவு நாடா. எடுத்தது நாடாவை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எடை-உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணைப்படி உயரத்துக்கான எடையின் இசட் ஸ்கோர் மைனஸ் 3-க்குக் கீழே போனால் கடுமையான மெலிவு. இதைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீளப்பலகையில் குழந்தையை நேராகப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், இரவு அட்மிஷனில் அது நடப்பதில்லை. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தையின் எடை வந்த அன்று ஒன்று காட்டும், நீர் ஏற்றிய மறுநாள் வேறொன்று காட்டும்.

ஸ்ட்ராங்கிட்ஸ் 2010-இல் நெதர்லாந்தில் இருந்து வந்தது. நான்கே கேள்விகள். பார்வைக்கு மெலிந்திருக்கிறதா, ஆபத்து அதிகமுள்ள நோய் இருக்கிறதா, சாப்பாடு குறைந்தோ வாந்தி பேதியோ இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா. நோய்க்கு 2 புள்ளி, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, ஆக 5. மொத்தம் 4 புள்ளியோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து அதிகம். எதையும் அளக்க வேண்டாம், சில நிமிடத்தில் முடியும். இன்றைக்கு நன்றாக இருக்கிற, ஆனால் புற்றுநோய் சிகிச்சை தொடங்கப்போகிற குழந்தையை இது முன்கூட்டியே பிடிக்கும், நாடா பிடிக்காது. (இதே போன்ற கேள்வித்தாள்களான கிளாஸ்கோவின் பிஒய்எம்எஸ், மான்செஸ்டரின் ஸ்டாம்ப் இரண்டையும் பார்த்தோம். அவற்றுக்கும் எடை உயரம் வேண்டும் என்பதால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடுகிறோம்.) உறுத்தல் என்னவென்றால் முதல் கேள்வி கண்ணை நம்பியது. மெலிந்த குழந்தைகளையே தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெலிவு தெரியாது.

நாடாவின் கணக்கு எளிது. 6 முதல் 59 மாதம் வரை, இடது மேற்கையின் நடுவில், கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். 115 மி.மீ.க்குக் கீழே சிவப்பு (கடுமை), 125-க்குக் கீழே மஞ்சள் (மிதம்). இறுக்கிப் பிடித்தால் எண் குறைந்துவிடும், பயிற்சி வேண்டியது அதற்குத்தான். அளவு எப்படி இருந்தாலும் இரண்டு பாதங்களையும் அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும், வீக்கத்தில் குழி விழுந்தால் அதுவே கடுமையான சத்துக்குறைபாடு.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயம். குழந்தை வார்டில் இருப்பது சில நாள். உடம்பு தேறப் பல வாரம் ஆகும், அது வீட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும்தான் நடக்கும். மருத்துவர், செவிலியர், களப்பணியாளர் எல்லோரும் ஒரே குழுவாக வேலை செய்ய வேண்டும் என்று ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 அல்மா-ஆட்டா பிரகடனமே சொல்லியிருக்கிறது, சரி, ஆனால் அந்தக் குழுவுக்குப் பொதுவாக ஒரு எண் இல்லாவிட்டால் எப்படி? டிஸ்சார்ஜ் தாளில் "ஸ்ட்ராங்கிட்ஸ் 4" என்று எழுதினால் வெளியே இருக்கும் பணியாளருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. "112 மி.மீ." என்றால் அடுத்த வாரம் அவரே அளந்து 114 என்று எழுதுவார், அம்மாவுக்கும் நிறம் புரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும் சேர்க்கும்போது எந்த அளவோ, விடுவிக்கும்போதும் அதே அளவு என்கிறது: நாடாவில் சேர்த்த குழந்தை 125-ஐத் தொட்டு, குறைந்தது இரண்டு வாரம் வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இத்தனை சதவீதம் எடை ஏறியது என்பதை வைத்து விடுவிக்கக் கூடாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இசட் ஸ்கோரும் நாடாவும் எப்போதும் ஒரே குழந்தையைப் பிடிப்பதில்லை. வார்டில் ஒன்றும் வெளியில் இன்னொன்றும் வைத்தால், இங்கே கடுமை என்று சொல்லி அனுப்பிய குழந்தையை அங்கே நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். நடுவில் அலைவது அம்மா.

வார்டுக்குள்ளேயும் அந்த எண் உடனே கைமாற வேண்டும். செவிலியர் காய்ச்சல் பார்க்கும்போதே அளந்து மருத்துவர் ஆர்டர் எழுதும் பக்கத்தில் குறிக்கிறார். சிவப்புக் குழந்தைக்கு அதிர்ச்சி நிலை (ஷாக்) இல்லாமல் டிரிப்ஸ் போடக் கூடாது, ரத்தச் சர்க்கரையும் உடல் சூடும் உடனே பார்க்க வேண்டும், எஃப்-75 என்ற சிகிச்சைப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். டயட்டீஷியன் மறுநாள் வந்து சொல்லட்டும் என்று இதையெல்லாம் தள்ளிப்போட முடியாது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அவர்களுக்கு ஸ்ட்ராங்கிட்ஸைத்தான் வைத்திருக்கிறோம், எவ்வளவு பயன் என்று இன்னும் அறுதியாகச் சொல்ல மாட்டேன். நீண்டகால நோய்க் குழந்தைகளே அதிகம் வரும் வார்டு என்றால் கேள்வித்தாளில் தொடங்குவதே மேல். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு எடையும் தாய்ப்பால் குடிப்பதையும் பார்க்கிறோம். அப்புறம், நாடா வந்துவிட்டது என்று தராசை மூலையில் வைத்துவிடாதீர்கள். மருந்தின் அளவு கணக்கிடவும், பால் கொடுக்கத் தொடங்கியபின் தினசரி ஏற்றம் பார்க்கவும் அது வேண்டும்.